தாத்தாவின் திருமலைக் காணி: சாவியைக் கொடுத்துவிட்டு வந்தால் உரிமை போய்விடுமா?

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

இவருடைய தாத்தா 1941-இல் தோட்டத்தை விட்டு இறங்கி, திருகோணமலை நேவி யார்டில் வேலைக்குச் சேர்ந்தவர். வெள்ளைக்கார நேவி போன பிறகும் மலைக்குத் திரும்பவில்லை. 1958-இல் நகருக்கு வெளியே நிலாவெளிப் பக்கம் 40 பேர்ச் காணியில் ஓலை வீடு போட்டுக்கொண்டார். ‘நேவி கொடுத்த காணி’ என்றுதான் வீட்டில் சொல்வார்களாம். பிள்ளைகள் மூவர்: ஆசிரியையின் அப்பா, அத்தை, சித்தப்பா. அப்பாவுக்கு 1979-இல் தள்ளி ஒரு குடியேற்றத்தில் 2 ஏக்கருக்குப் பெர்மிட் கிடைத்தது. 1990 ஜூனில் சண்டை மூண்டபோது பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுக் குடும்பம் ஓடியது. வீட்டைப் பார்த்து வருகிறேன் என்று இரண்டு கிழமை கழித்துத் திரும்பிப்போன சித்தப்பா வரவேயில்லை. அத்தை படகேறி இந்தியா போய், இன்றும் தமிழ்நாட்டு முகாமில். அப்பா உறவினரின் லயத்துக் காம்பராவில் வந்து ஒதுங்கி, 2011-இல் காலமானார். தாத்தாவும் பாட்டியும் அதற்கு வெகு முன்பே போய்விட்டார்கள். அம்மா இருக்கிறார்.

இப்போது பெரியவரும் இல்லை. அவர் மகன் ஓலை வீட்டை இடித்துவிட்டுக் கல்வீடு கட்டியிருக்கிறார். கேட்டதற்கு, “முப்பத்தஞ்சு வருசமா நாங்கதான் இருக்கோம், கோட்டுக்குப் போங்க” என்றாராம். டவுன் தரகர் ஒருவர் ஆறு லட்சம் தந்தால் “எல்லாம் முடித்துத் தருவேன்” என்கிறார். தம்பி நாலு பையன்களோடு போய் வேலி போடப் போவதாக நிற்கிறார். தகரப் பெட்டியில் இருக்கும் கடதாசிகளின் பட்டியலையும் அனுப்பியிருக்கிறார். கேள்வி: எங்களுக்கு ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

மிச்சம் இருக்கிறது. ஆனால் நீங்கள் ஒரே கதையாக எழுதியிருப்பதைச் சட்டம் இரண்டு கதையாகத்தான் பார்க்கும். வீட்டுக் காணி தனியார் உறுதிக் காணி, அதாவது நொத்தாரிசு எழுதிய உரிமைப் பத்திரத்தால் வந்தது. 2 ஏக்கர் அரசாங்கக் காணி. ஒன்றுக்குப் பொருந்தும் சட்டம் மற்றதற்குப் பொருந்தாது. முதலாவதில் உங்கள் கை ஓங்கியே இருக்கிறது என்பது என் கணிப்பு. இரண்டாவதில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். இரண்டையும் ஒரே மனுவில் கலந்து எழுதினால் நல்லதும் கெட்டுப்போகும்.

கடிதத்தில் ஒன்றரைப் பக்கம் திருகோணமலையின் வரலாறு எழுதியிருக்கிறீர்கள். 1622-இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டியது, 1639-இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தது, 1782-இல் ஒரே வருடத்துக்குள் ஆங்கிலேயரிடமும் பின் பிரெஞ்சுக்காரரிடமும் கைமாறியது, 1795-இல் ஆங்கிலேயரிடமே நிலைத்தது எல்லாம் சரி. ஆனால் கோயில் நம்முடையது, ஊர் நம்முடையது என்ற வாதத்தை மாவட்ட நீதிமன்றத்தில் வைக்காதீர்கள். அங்கே யாருடைய ஊர் என்பது கேள்வியல்ல. இந்த 40 பேர்ச்சுக்கு யாரிடமிருந்து யாருக்கு, எந்தத் தேதியில், எந்தக் கடதாசியால் உரிமை வந்தது என்பது மட்டும்தான் கேள்வி.

அதற்காக வரலாறு உதவாது என்று நினைக்க வேண்டாம். வேறு இடத்தில் உதவும். 1803-இல் கண்டி மீது வெள்ளைக்காரர் படையெடுத்தபோது ஒரு படை கொழும்பிலிருந்தும் இன்னொன்று திருகோணமலையிலிருந்தும் மலையேறியது. 1815-இல் கண்டி விழுந்தது. 1818-இல் ஊவாக் கிளர்ச்சி அடக்கப்பட்டது. அதன் பிறகு, 1840-இல் 12-ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. காடு, தரிசு, பயிரிடாத நிலம் எல்லாம் எதிர்மாறாக நிரூபிக்கப்படும் வரை முடிக்கே சொந்தம் என்றது அது. நம் மலைகளைக் கோப்பித் தோட்டக்காரர் கைக்கு மாற்றிக் கொடுத்த சட்டம் என்றுதான் இங்கே அதைப் படிப்போம். திருகோணமலையைச் சுற்றியிருந்த காட்டையும் அதே சட்டம்தான் அரசாங்கக் கணக்கில் சேர்த்தது. பிற்காலக் குடியேற்றங்களும் பெர்மிட்டுகளும் அந்தக் கணக்கிலிருந்து வந்தவை.

ஆகவே அந்த ஊரின் நிலத்தை மூன்று வளையமாகப் பாருங்கள். துறைமுகத்தையும் கோட்டையையும் ஒட்டியது படைக்கும் துறைமுகத்துக்கும் உரியது. பழைய நகரும் அதன் ஓரமும் பெரும்பாலும் உறுதிக் காணி. அதற்கு வெளியே அரசாங்கக் காணி. எந்தக் காணிப் பிரச்சினையிலும் முதலில் கேட்க வேண்டியது, இது எந்த வளையத்தில் கிடக்கிறது என்பதைத்தான்.

நேவி கொடுத்ததா, நேவிச் சம்பளத்தில் வாங்கியதா?

நீங்கள் அனுப்பிய, 1958-ஆம் வருட உறுதியின் போட்டோக் கொப்பியை இரண்டு தடவை வாசித்தேன். நேவியோ வேறெந்த அரசாங்க அதிகாரியோ அதில் எங்குமே வரவில்லை. விற்றவர் ஒரு தனி ஆள், வாங்கியவர் உங்கள் தாத்தா, சாட்சிகள் இருவர், கீழே நொத்தாரிசின் சான்றுரை. இது சாதாரண விலை உறுதி. பிரித்தானியக் கடற்படைத் தளம் 1957 ஒக்டோபரில் இலங்கை அரசாங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது. தளத்தின் நிலம் அரசாங்கத்துக்குப் போனதே தவிர, யார்டுத் தொழிலாளருக்குப் பங்கு பிரிக்கப்படவில்லை. வேலை முடிந்தபோது கையில் வந்த காசில் தாத்தா வாங்கியிருப்பார். வீட்டுப் பேச்சில் அது ‘நேவி கொடுத்த காணி’ ஆகியிருக்கும்.

இது உங்களுக்கு நல்ல செய்தி. நேவி கொடுத்தது என்று நீங்கள் சத்தியக்கடதாசியில் எழுதினால், எதிர்த் தரப்பு “அப்படியானால் இது அரசாங்கக் காணி, உங்களுக்கு உறுதியே இருக்க முடியாது” என்று அதையே பிடித்துக்கொள்ளும். பிரதேச செயலகத்திலோ கிராம உத்தியோகத்தரிடமோ அந்தச் சொல்லை இனிப் பாவிக்க வேண்டாம். தம்பிக்கும் சொல்லிவையுங்கள்.

தாத்தாவுக்குப் பிரஜாவுரிமை இல்லை என்பது உறுதியைப் பாதிக்குமா?

1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவர்களை வெளியே தள்ளியதும், 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தாத்தா கொடுத்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதும் உண்மைதான். வாக்குரிமை போனதால் சொத்துரிமையும் போய்விட்டது என்று மலையகத்தில் பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. பிரஜை அல்லாத ஒருவர் தனியார் காணி வாங்குவதை 1958-இல் சட்டம் தடுக்கவில்லை. 1963-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்க நிதிச் சட்டம்தான் பிரஜை அல்லாதவர் பெயருக்குக் காணி மாறினால் அதன் பெறுமதி அளவுக்கே, அதாவது நூற்றுக்கு நூறு, வரி என்று கொண்டுவந்தது. அதற்குப் பிறகு தெரிந்தவர் பெயரில் உறுதி எழுதி வைத்து, பின்னர் அந்தத் தெரிந்தவரின் பிள்ளைகளோடு வழக்காடும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. உங்கள் தாத்தா ஐந்து வருடம் முந்திக்கொண்டார்.

35 வருடம் இருந்தால் காணி அவருக்கா?

1871-ஆம் ஆண்டின் 22-ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவின்படி, ஒருவர் 10 வருடம் தடையில்லாமல், இடையூறில்லாமல் காணியை அனுபவித்தால் உரிமை கோரலாம். ஆனால் எப்படி அனுபவித்தார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. உரிமைக்காரருக்கு எதிராக, அவரைச் சாராமல் அனுபவித்திருக்க வேண்டும். உரிமைக்காரர் சொல்லி, அவருக்காகப் பார்த்துக்கொண்டவர் 10 வருடம் அல்ல, 50 வருடம் இருந்தாலும் வருடம் மட்டும் அவருக்கு உரிமை தந்துவிடாது. ‘இனி இது என் காணி’ என்று உரிமைக்காரருக்குத் தெரியும்படி அவர் வெளிப்படையாக ஏதாவது செய்திருக்க வேண்டும். அன்றிலிருந்துதான் அந்த 10 வருடம் எண்ணப்படும். தகப்பன் அனுமதியின் பேரில் உள்ளே வந்திருந்தால், அவர் வழியாக வந்த மகனின் இருப்பும் அதே தன்மையில்தான் தொடங்குகிறது.

இங்கேதான் உங்கள் தகரப் பெட்டி வருகிறது. பட்டியலில் 14-ஆவதாக, ‘பெரியவர் 1994-இல் அப்பாவுக்கு எழுதிய சாதாரணக் கடிதம், முக்கியமில்லை’ என்று குறித்திருக்கிறீர்கள். “உங்கட வீட்டுக் கூரைக்கு இந்த முறை ஓலை மாத்தினேன், செலவைப் பிறகு பார்ப்பம், தேங்காய் வித்த காசு வைச்சிருக்கிறன்” என்று அதில் இருக்கிறதல்லவா? முழுப் பெட்டியிலும் உறுதிக்கு அடுத்தபடி பெறுமதியான கடதாசி அதுதான். ‘உங்கட வீடு’ என்று அவரே எழுதியிருக்கிறார். தேங்காய்க் காசுக்கு அவரே கணக்குச் சொல்கிறார். 1994 வரை அவர் பராமரிப்பாளர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேட வேண்டியதில்லை. கடிதத்தை உறையோடு வையுங்கள், தபால் முத்திரைதான் தேதிக்குச் சான்று. தயவுசெய்து லமினேட் செய்யாதீர்கள். பழைய கடதாசியைக் காப்பாற்றுவதாக நினைத்துப் பலர் செய்யும் வேலை இது. பிறகு மையையும் தாளையும் பரிசோதிக்க முடியாமல் போய், பொய்க் கடதாசி என்ற சந்தேகத்துக்குத்தான் இடம் கொடுக்கும்.

இனி ஆபத்தான பக்கம். கல்வீடு எப்போது கட்டப்பட்டது? ஓலை வீட்டை இடித்துக் கல்வீடு கட்டுவது வெளிப்படையான செயல் என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி வாதிப்பார். அது நடந்து 10 வருடம் தாண்டியிருந்தால் வழக்கு இறுகும். மின்சார இணைப்புத் தேதி, பிரதேச சபையின் கட்டட அனுமதி, வரி மதிப்பீட்டுப் பதிவு, இவற்றிலிருந்து வருடத்தைக் கண்டுபிடிக்கலாம். உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் கட்டி ஏழு, எட்டு வருடம் இருக்கும் போலத் தெரிகிறது. அப்படியானால் உங்களுக்கு இருக்கும் காலம் சொற்பம். ‘அடுத்த லீவுக்குப் பார்ப்போம்’ என்று விட வேண்டாம்.

இரண்டு தப்பெண்ணங்களையும் திருத்த வேண்டும். 1990-இல் எனக்கு 13 வயது, சிறுபிள்ளைக்கு எதிராகக் காலம் ஓடாதே என்று கேட்டிருக்கிறீர்கள். சிறுபராயத்துக்குச் சட்டத்தில் விலக்கு உண்டுதான். ஆனால் அன்று பங்குக்காரர் நீங்கள் அல்ல, உங்கள் அப்பா. அவர் வளர்ந்த மனிதர். அந்த விலக்கு உங்களுக்கு வராது. மற்றது, யுத்த காலத்தைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள் என்று தம்பி சொன்னது. அவர் சொல்வது 2016-ஆம் ஆண்டின் 5-ஆம் இலக்கக் காலவிதிப்பு விசேட ஏற்பாடுகள் சட்டம். ஆயுதக் குழுக்களின் செயல்களால் நீதிமன்றம் போக முடியாமல் இருந்தவர்களுக்கு 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கழித்துவிட வந்தது அது. அந்தச் சலுகையைக் கேட்டு வழக்குப் போடுவதற்கென்றே அதில் ஒரு கால எல்லையும் வைக்கப்பட்டது. ஆகவே அதை நம்பி வழக்கைக் கட்ட வேண்டாம். 1994-ஆம் வருடக் கடிதத்தின் மேல் கட்டுங்கள்.

யாருக்கு எவ்வளவு?

பெண் பிள்ளை சீதனம் வாங்கிவிட்டால் பங்கு இல்லை, தேசவழமை அப்படித்தான் என்று தம்பி சொல்கிறாராம். தேசவழமை வட மாகாணத்தைச் சேர்ந்த தமிழர்களுக்கு உரிய சட்டம். திருகோணமலையில் காணி வாங்கிய மலையகத் தமிழருக்கு அது பொருந்தாது. உங்களுக்குப் பொதுச் சட்டம்தான்: 1876-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்கத் திருமண உரிமைகள் மற்றும் மரபுரிமைக் கட்டளைச் சட்டம். இறந்தவரின் சொத்தில் பாதி கணவனுக்கு அல்லது மனைவிக்கு, மறுபாதி பிள்ளைகளுக்குச் சமமாக. ஆண், பெண் வேறுபாடு கிடையாது.

தாத்தா, பாட்டி இருவரும் மரணசாதனம் எழுதாமல் போனதால் மூன்று பிள்ளைகளுக்கும் மூன்றில் ஒன்று. சித்தப்பா கல்யாணம் கட்டாதவர் என்கிறீர்கள். அவர் 1990-இல் இறந்ததாகப் பதிவானால் அவர் பங்கு அன்று உயிரோடிருந்த அப்பாவுக்கும் அத்தைக்கும் சமமாகப் போகும். அப்போது அப்பாவுக்குப் பாதி, அத்தைக்குப் பாதி. 2011-இல் அப்பா போனதும் அவருடைய பாதியில் பாதி அம்மாவுக்கு, அதாவது முழுக் காணியில் நாலில் ஒன்று. உங்களுக்கும் தம்பிக்கும் எட்டில் ஒவ்வொன்று. 40 பேர்ச்சில் அத்தைக்கு 20, அம்மாவுக்கு 10, உங்களுக்கு 5, தம்பிக்கு 5. வேலி போடப் புறப்படும் தம்பி இந்தக் கணக்கை முதலில் பார்க்கட்டும்.

சித்தப்பா விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். இறப்பைப் பதிவதா வேண்டாமா என்பது சட்டத்தரணி முடிவெடுக்கும் காரியமல்ல. அம்மா, அத்தை எல்லோரும் கலந்து பேச வேண்டியது. காணாமற்போனவர்களுக்கு 2010-ஆம் ஆண்டின் 19-ஆம் இலக்க இறப்புகளைப் பதிவு செய்தல் தற்காலிக ஏற்பாடுகள் சட்டத்தின் கீழ் இறப்புச் சான்றிதழ் எடுக்கும் வழி வந்தது. 2016-ஆம் ஆண்டுத் திருத்தம், இறந்தார் என்று சொல்ல மனமில்லாத குடும்பங்களுக்காக, ஆள் காணப்படவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழையும் சேர்த்தது. பெயரிலேயே ‘தற்காலிக’ என்று இருக்கும் சட்டம் ஆதலால் இன்றைய நடைமுறையைப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டே விண்ணப்பிக்க வேண்டும். இரண்டாவது சான்றிதழ் காணியின் உரிமையைக் கைமாற்றாது. அதை எடுத்தால் சித்தப்பாவின் மூன்றில் ஒரு பங்கு அவர் பெயரிலேயே நிற்கும். நின்றாலும் நீங்கள் வழக்குப் போடலாம், ஒரு பங்குக்காரர் எல்லோருடைய நன்மைக்காகவும் அந்நியருக்கு எதிராக வழக்காட முடியும். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்திருந்தால் அதன் இலக்கத்தை எடுத்து வையுங்கள்.

பெர்மிட் காணி

1979-ஆம் ஆண்டுப் பெர்மிட் 1935-ஆம் ஆண்டின் 19-ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்தது. காணி அரசாங்கத்தினுடையது, அப்பாவுக்கு இருந்தது நிபந்தனையோடு கூடிய அனுபவம். பெர்மிட்காரர் இறந்தால் முதலில் வாழ்க்கைத் துணை, பிறகு பெயர் குறிக்கப்பட்ட பின்னுரித்தாளி. உரித்துக்காரர் ஆறு மாதத்துக்குள் காணியில் கால் வைக்காவிட்டால் உரித்து விழுந்துவிடும் என்ற விதியும் உண்டு. 2011-க்குப் பிறகு அம்மா அங்கே போகவேயில்லை. அதனால்தான் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்றேன்.

இப்போது அங்கே மரவள்ளி போட்டிருப்பவருக்கும் அது சொந்தமாகிவிடவில்லை. அரசாங்கத்துக்கு எதிராகக் காலவிதிப்பு ஓடாது. ஆகவே உண்மையான கேள்வி, பழைய பெர்மிட்டை முறைப்படி அறிவித்தல் கொடுத்து ரத்துச் செய்தார்களா, செய்துவிட்டு வேறொருவருக்குக் கொடுத்தார்களா என்பது. இதற்குத் தரகர் தேவையில்லை. 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தப் பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதுங்கள். மூன்றே கேள்விகள்: இந்த இலக்கப் பெர்மிட்டின் இன்றைய நிலை என்ன, ரத்தானால் அறிவித்தல் எந்தத் தேதியில், எந்த முகவரிக்கு அனுப்பப்பட்டது, பின்னர் யாருக்காவது பெர்மிட்டோ அளிப்போ கொடுக்கப்பட்டதா. தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாளுக்குள் அவர் முடிவு செய்ய வேண்டும். 1990-இல் ஆட்கள் இல்லாத வீட்டுக் கதவில் ஒட்டிய அறிவித்தலால் ரத்துச் செய்திருந்தால் அதைக் கேள்விக்கு உள்ளாக்கலாம். அரசாங்கக் காணி விஷயத்தில் அதிகாரியின் முடிவை ரத்துச் செய்யும் எழுத்தாணை கேட்டு மாகாண மேல் நீதிமன்றம் போக வேண்டாம், மேன்முறையீட்டு நீதிமன்றம்தான். 2013-இல் நம் மலையகத்து ஸ்டபோர்ட் தோட்ட வழக்கில் உயர் நீதிமன்றம் அந்த எல்லையைக் கீறிவிட்டது.

தம்பியும் தரகரும்

தம்பியின் திட்டத்தை இன்றே நிறுத்துங்கள். ஆள் இருக்கும் காணிக்குள் பலவந்தமாக நுழைந்தால் 1979-ஆம் ஆண்டின் 44-ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66-ஆம் பிரிவின் கீழ் பொலிஸ் விஷயத்தை நீதிமன்றத்தில் வைக்கும். அங்கே உறுதி யாருடையது என்று பார்க்க மாட்டார்கள். அன்று யார் அனுபவத்தில் இருந்தார், முந்திய இரண்டு மாதத்துக்குள் யார் வெளியேற்றப்பட்டார் என்பதைத்தான் பார்ப்பார்கள். அவர்களுக்கே அனுபவத்தை உறுதிசெய்து ஒரு கட்டளை கிடைக்கும், உங்களுக்கு அதோடு ஒரு குற்றவியல் வழக்கும் சேரும்.

தரகர் ‘முடித்துத் தருவது’ எதை? பங்குக்காரரில் பாதி உரிமையுள்ள அத்தை கையெழுத்தில்லாமல் முழுக் காணிக்கு எந்த நொத்தாரிசும் செல்லுபடியாகும் உறுதி எழுத முடியாது. நீங்கள் வெற்றுத் தாளில் கையெழுத்திட்டு, மூல உறுதியையும் கொடுத்துவிட்டால், அடுத்த வருடம் உங்களுக்கு எதிராக நிற்பவர் அவராகவே இருக்கக்கூடும். மூல உறுதியை யாரிடமும் கொடுக்காதீர்கள், உங்கள் சட்டத்தரணிக்குக்கூட எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

என்ன வரிசையில் செய்வது?

முதலில் திருகோணமலைக் காணிப் பதிவகம். உறுதியின் பின்பக்கத்தில் மங்கலான பதிவு முத்திரை ஒன்று தெரிகிறது, அதில் தொகுதி, பக்க எண் இருக்கும். போட்டோக் கொப்பியில் தெளிவில்லை, மூலத்தை வெயிலில் சரித்துப் பிடித்து வாசியுங்கள். அந்தப் பக்கத்தின் அத்தாட்சிப்படுத்திய பிரதியை எடுத்தால் 1958-க்குப் பின் அந்தக் காணி மேல் என்னென்ன எழுதப்பட்டது என்று தெரியும். முக்கியமாக 1990-க்குப் பிறகு யாராவது உறுதி முடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். உறுதியின் இரண்டாவது பிரதியை நொத்தாரிசு பதிவகத்துக்கு அனுப்பியாக வேண்டும், ஆகவே உங்கள் கையில் உள்ளது கிழிந்தாலும் அங்கே ஒன்று இருக்க வேண்டும். உறுதிச் சாட்சிகள் இப்போது உயிரோடிருக்க மாட்டார்கள். பரவாயில்லை: 30 வருடம் கடந்து, இருக்க வேண்டியவர் கையிலிருந்து வரும் ஆவணத்தை நீதிமன்றம் உண்மையானதாக ஊகிக்கலாம் என்கிறது சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 90-ஆம் பிரிவு.

இரண்டாவது, எல்லை. உறுதியில் ‘வடக்கே வண்டிப்பாதை, கிழக்கே பனை வரிசை, தெற்கே விற்றவரின் மிச்சக் காணி, மேற்கே ஒழுங்கை’ என்று இருக்கிறது. பனை வரிசை இன்று இருக்காது. காணி வழக்குகள் அதிகம் தோற்பது உரிமையில் அல்ல, ‘நீங்கள் சொல்லும் காணி இதுதானா’ என்ற கேள்வியில். பழைய அளவைப் படம் உறுதியில் குறிக்கப்பட்டிருந்தால் அதன் இலக்கத்தைக் கொண்டு உரிமம் பெற்ற நில அளவையாளர் ஒருவர் மேல் வைத்துப் பார்க்கலாம். இல்லாவிட்டால் நீதிமன்ற ஆணையோடு அளப்பது நல்லது, இப்போது அளக்கப் போனால் சண்டைதான் வரும்.

மூன்றாவது, பெயர்கள். மலையகத்துக் குடும்பங்களின் காணி வழக்குகள் இடறி விழும் கல் இது. உறுதியில் தாத்தா ‘முத்தையா’, அப்பாவின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் ‘முத்தையன்’, அப்பாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழில் தகப்பன் ‘முத்துசாமி’. மூவரும் ஒருவரே என்று நிரூபிக்காவிட்டால் உங்கள் பரம்பரைச் சங்கிலி அந்த இடத்திலேயே அறுந்துவிடும். வெறும் சத்தியக்கடதாசி ஒன்று போதாது. தாத்தாவின் யார்டு அடையாள அட்டை, பழைய தோட்டத்துப் பதிவேடு, கூப்பன் புத்தகம், அப்பாவின் பாடசாலை விடுகைப் பத்திரம், இரண்டு பெயரும் ஒரே தாளில் வரும் எதையும் தேடுங்கள். பட்டியலில் கூப்பன் புத்தகம் இருக்கிறது. தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

நான்காவது, அத்தை. முகாமில் இருப்பதால் அவர் பங்கு போகவில்லை. சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்தில் தனக்குப் பதிலாக நீங்கள் செயற்பட அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவத்தை உங்கள் பெயருக்கு எழுதி அத்தாட்சிப்படுத்தி அனுப்பட்டும், இங்கே அதைப் பதிய வேண்டும். முகாமை விட்டு வெளியூர் போக அனுமதி எடுக்க அவருக்கு நாள் பிடிக்கும், ஆகவே இந்த வேலையை முதல் நாளே தொடங்கிவிடுங்கள். தத்துவத்தில் ‘வழக்காட, சமரசம் செய்ய, பணம் பெற’ என்று மூன்றும் தனித்தனியாக எழுதப்பட வேண்டும்.

இவை கையில் வந்த பிறகு, பெரியவர் மகனுக்குச் சட்டத்தரணி மூலம் ஒரு கடிதம்: உங்கள் தகப்பனாருக்குக் கொடுத்த அனுமதி இத்துடன் முடிகிறது, இத்தனையாம் திகதிக்குள் காணியை ஒப்படையுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வையுங்கள். பதில் வந்தால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். உண்மையைச் சொன்னால், நான் உங்கள் இடத்தில் சமரசத்தையே முதலில் முயல்வேன். அவர் கல்வீட்டில் பணம் போட்டிருக்கிறார். அவருடைய தகப்பன் கூரை மாற்றி, கிணற்றைத் தூர்வாரி, அந்தக் காலத்தில் காணி பறிபோகாமல் வைத்திருந்ததும் உண்மை. வீடு நிற்கும் பகுதியை அவருக்கு ஒரு நியாய விலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு மிச்சத்தை எடுப்பது, அல்லது முழுவதற்கும் பணம் வாங்குவது, இரண்டுமே பத்து வருட வழக்கைவிட அம்மாவுக்கு நல்லது. ஆனால் சமரசப் பேச்சை எழுத்தில்லாமல் இழுக்க விடாதீர்கள், கல்வீட்டின் பத்தாவது வருடம் அதற்குள் வந்துவிடும். பேச்சுச் சரிவராவிட்டால் திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்தில் உரிமைப் பிரகடன வழக்கு. வழக்குத் தாக்கலான உடனே அதையும் காணிப் பதிவகத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். அப்போதுதான் இடையில் யாராவது காணியை வாங்கினாலும் தீர்ப்பு அவரைக் கட்டுப்படுத்தும்.

செலவுக்குப் பயந்து எழுதியிருக்கிறீர்கள். அம்மாவுக்கு வருமானம் இல்லாததால் சட்ட உதவி ஆணைக்குழுவில் அவர் பெயரில் விண்ணப்பிக்கலாம். வழக்கு நடப்பது திருகோணமலையில் என்பதால் அங்குள்ள நிலையத்துக்குத்தான் போக வேண்டும். போகும்போது அம்மாவின் அடையாள அட்டை, விவாகச் சான்றிதழ், அப்பாவின் இறப்புச் சான்றிதழ், உறுதி, 1994-ஆம் வருடக் கடிதம் அதன் உறையோடு. மற்றதெல்லாம் பிரதி போதும்.